தோட்டத்துப் பிள்ளை ஏன் வளரவில்லை?

ஐந்து வயது நிறைந்த சிறுமி ஒருத்தி ஏறத்தாழ 109 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். தாய் தகப்பனின் உடல்வாகைப் பொறுத்துக் கூடலாம், குறையலாம். அதற்கெல்லாம் இடம் விட்ட பிறகும் 100 சென்டிமீட்டரை எட்டாத சிறுமியை வளர்ச்சி குன்றியவள் என்று பதிகிறார்கள். ஒவ்வொரு வயதுக்கும் இப்படி ஒரு கோடு உண்டு. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2016ஆம் ஆண்டு நடத்திய குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17.3 சதவீதத்தினர் தத்தம் வயதுக்குரிய கோட்டுக்குக் கீழே நின்றார்கள். நகரத்தில் 14.7 சதவீதம். கிராமத்தில் 17. பெருந்தோட்டத்தில் 31.7.

தேயிலை மலைகளில் பிறந்த பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று தன் வயதுக்கு வளரவில்லை.

காய்ச்சலில் மெலிந்த பிள்ளை நல்ல சாப்பாடு கிடைத்தால் சில வாரத்தில் தேறிவிடும். உயரம் அப்படித் திரும்பி வராது. தாயின் வயிற்றில் தங்கிய நாள் முதல் இரண்டு வயது வரை ஏறத்தாழ ஆயிரம் நாள். அந்த ஆயிரம் நாளில் போதாத உணவும் அடிக்கடி வரும் வயிற்றோட்டமும் சேர்ந்து எலும்பின் வளர்ச்சியைப் பிடித்து நிறுத்திவிடுகின்றன. மூளை மிக வேகமாக வளர்வதும் அதே நாட்களில்தான். ஐந்தாம் தரத்துப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு உட்காரும் தோட்டத்துப் பிள்ளை, கொழும்புப் பிள்ளையோடு போட்டி போடும் முன்பே, எட்டு வருடத்துக்கு முந்திய ஒரு போட்டியில் பின்தங்கவைக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பிள்ளையைப் பார்த்து மண்டையில் படிப்பு ஏறவில்லை என்று சொல்லுகிற ஆசிரியர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள்.

இத்தனைக்கும் இது இலவச மருத்துவத்துக்குப் பேர்போன நாடு. பிரசவத்தில் தாய் இறப்பதையும் பிறந்த குழந்தை இறப்பதையும் தெற்காசியாவிலேயே மிகக் குறைத்துக் காட்டிய நாடு. வீடு தேடி வரும் குடும்பநல மாதுவைப் பற்றி வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் பாடம் நடத்துகிறார்கள். அந்தப் பெருமை உண்மையானது. அதைக் குறைத்துப் பேசுவதில் எனக்கு விருப்பமில்லை. அந்தப் பெருமை தேயிலை மலை ஏறும்போது ஏன் மூச்சு வாங்குகிறது என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்விக்கு வழக்கமாக இரண்டு பதில்கள் வரும். முதலாவது, தோட்டத்துச் சனம் பரம்பரையிலேயே குட்டை என்பது. இதை ஒரேயடியாக ஒதுக்கிவிடலாம். உலக சுகாதார நிறுவனம் தன் வளர்ச்சி அளவுகோலை உருவாக்குவதற்காக 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் குழந்தைகளை அளந்து பார்த்தது. தாய்ப்பால், நல்ல உணவு, சுத்தமான வீடு, புகைபிடிக்காத தாய் ஆகியவை வாய்த்த குழந்தைகள் மட்டுமே அதில் சேர்க்கப்பட்டார்கள். புதுடில்லிக் குழந்தையும் ஒஸ்லோக் குழந்தையும் ஐந்து வயது வரை கிட்டத்தட்ட ஒரே மாதிரி வளர்ந்தார்கள். வசதி இருந்தால் எந்த இனத்துப் பிள்ளையும் வளரும் என்பது அளந்து நிறுவப்பட்ட விஷயம்.

இரண்டாவது பதில்தான் ஆபத்தானது. படித்தவர்கள், நல்ல மனம் படைத்தவர்கள், சில சமயம் நம்மவர்களே சொல்லுவது அது. தாய்மாருக்கு அறிவில்லை, காலையில் ரொட்டி, பகலில் ரொட்டி, பிள்ளைக்குச் சாயத்தண்ணி, கீரை கொடுக்கத் தெரியாது, முட்டை கொடுக்கத் தெரியாது, விழிப்புணர்வு வேண்டும். இந்தப் பதிலை நம்பித்தான் வருடா வருடம் போஷாக்கு மாதம் வருகிறது. மண்டபத்தில் மரக்கறியும் பழமும் அடுக்கிக் கண்காட்சி வைக்கிறார்கள். வேலை முடிந்து களைத்து வந்த பெண்களை உட்காரவைத்து, எந்தக் காய்கறியில் என்ன சத்து என்று விளக்குகிறார்கள். அவர்களும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தப் பெண்ணின் ஒரு நாளைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்ப்போம்.

விடிவதற்கு முன் நாலரை மணிக்கு எழும்புகிறாள். பீலியில் தண்ணீர் பிடிக்க வேண்டும். தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்கள் பலவற்றில் இன்னமும் பத்துப் பன்னிரண்டு குடும்பங்களுக்கு ஒரு குழாய்தான். அடுப்பு விறகு அடுப்பு. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் புகை போக வழியில்லாமல், தொட்டிலில் கிடக்கும் பிள்ளையின் மேல் படிகிறது. கோதுமை மாவைப் பிசைந்து, தேங்காய் இருந்தால் கொஞ்சம் துருவிப் போட்டு, ரொட்டி தட்டிச் சுடுகிறாள். தொட்டுக்கொள்ள இடித்த சம்பல். வீட்டில் உள்ள எல்லோருக்கும் காலைக்கும் பகலுக்கும் சேர்த்து ஒரே தடவையில் சுட்டு எடுக்க முடிந்த சாப்பாடு அது ஒன்றுதான். துணியில் சுற்றி மலைக்குக் கொண்டுபோனால் மழையிலும் கெடாது. பகல் வரை பசி தாங்கும். சோறு ஆக்கிக் கறி வைக்க இரண்டு அடுப்பும் ஒன்றரை மணி நேரமும் வேண்டும். ஏழரைக்குப் பிரட்டில், அதாவது காலை ஆள் கணக்கெடுப்பில், நிற்காவிட்டால் அன்றைக்குப் பேர் இல்லை, அதாவது நாள் கூலி இல்லை. ரொட்டியைத் தேர்ந்தெடுத்தது அறியாமை என்று சொல்கிறவர்கள் அந்த அடுப்பின் முன்னால் ஒரு காலைப்பொழுது நிற்க வேண்டும்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, தோட்டத்தின் குழந்தைப் பராமரிப்பு நிலையமான பிள்ளைக் காம்பராவுக்குப் போகிறாள். நல்ல பிள்ளைக் காம்பராக்களும் இருக்கின்றன. பயிற்சி பெற்ற பொறுப்பாளர், சுத்தமான சமையல், வளர்ச்சி அட்டவணை எல்லாம் வைத்திருக்கும் சிலவற்றை நானே பார்த்திருக்கிறேன். ஓடு உடைந்து, ஈரத் தரையில் சாக்கு விரித்து, இருபது பிள்ளைகளுக்கு ஒரு வயதான ஆயம்மாவை வைத்து ஓடுகிறவையும் இருக்கின்றன. பிள்ளை எந்த வகையில் போய் விழும் என்பது தோட்டத்தைப் பொறுத்தது, துரையைப் பொறுத்தது, கம்பனியின் இலாப நட்டத்தைப் பொறுத்தது. சட்டப்படி பால் கொடுக்க இடைவேளை உண்டு. ஆனால் கொழுந்து எடுக்கும் மலைக்கும் பிள்ளைக் காம்பராவுக்கும் இடையில் இரண்டு மைல் ஏற்ற இறக்கம் இருந்தால், அந்த இடைவேளை கடதாசியில் மட்டும் இருக்கும்.

போவதற்கும் வருவதற்கும் அவள் ஏன் அஞ்சுகிறாள்? கிலோக் கணக்குக்கு. ஒரு நாள் பேருக்கு இத்தனை கிலோ கொழுந்து என்று தோட்டம் வரையறுத்து வைத்திருக்கிறது. சில இடங்களில் 16, பல இடங்களில் 18, நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயான பிறகு இன்னும் பல இடங்களில் 20. மாலையில் கொழுந்து மடுவத்துத் தராசில் அந்த எடை வராவிட்டால் அரைப்பேர்தான் விழும். நாள் முழுவதும் மலையில் நின்றிருப்பாள். வேலைப் பதிவேடான செக்ரோலில் பாதி நாள்தான் இருக்கும். பிள்ளைக்குப் பால் கொடுக்க நடந்த நேரத்தில் எடுக்காமல் விட்ட இரண்டு கிலோ, அவளுக்குப் பாதி நாள் கூலியாகிறது.

இது எந்த அறியாமைக் கணக்கிலும் வராது. மாறாக, தன் கைக்கு எட்டியதை வைத்து அவள் மிகச் சரியாகவே கணக்குப் போடுகிறாள். அந்தக் கணக்கில் தோற்றுப்போகிறது பிள்ளை.

மகப்பேற்று விடுமுறையைப் பாருங்கள். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்க வேண்டும் என்று சொல்வது அரசின் சுகாதார அமைச்சு. தோட்டத் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு 84 நாள் விடுமுறை என்று வைத்திருப்பதும் அரசின் சட்டம். வாராந்த விடுமுறையையும் பண்டிகை நாட்களையும் கழித்துக்கொண்டாலும் நாலு மாதத்தை எட்டாது. அரச உத்தியோகத்தில் உள்ள பெண்ணுக்கு 84 வேலை நாள் முழுச் சம்பளத்தோடு, அதற்கு மேல் இன்னொரு 84 நாள் அரைச் சம்பளத்தோடு எடுத்துக்கொள்ள வழியிருக்கிறது. அது அவளுக்கு நியாயமாகக் கிடைக்க வேண்டியதுதான். செங்குத்தான மலையில் மழையிலும் அட்டைக்கடியிலும் முதுகில் கூடையைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கும் பெண்ணுக்கு ஏன் அது கிடையாது? மூன்றரை மாதத்தில் பாலூட்டலை உடைத்துவிட்டு வேலைக்கு இறக்கப்பட்டவளுக்கு, ஏழாம் மாதத்தில் தாய்ப்பாலின் மகிமை பற்றித் துண்டுப்பிரசுரம் கொடுக்கிறோம்.

பிள்ளையின் கதை அதன் தாயின் வயிற்றிலேயே தொடங்கிவிடுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இரத்தம் குறைந்த தாய், தானும் ஒரு காலத்தில் வளர்ச்சி குன்றிய பிள்ளையாக இருந்த தாய், நிறை மாதம் நெருங்கும் வரை மலையில் நிற்கும் தாய், இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த பிள்ளையைப் பெறுகிறாள். நாட்டுச் சராசரியை விடத் தோட்டத்தில் இத்தகைய பிறப்புகள் அதிகம். சாப்பாட்டோடு குடிக்கும் தேயிலைச் சாயம் உணவில் உள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ளாமல் தடுக்கிறது. இதைச் சொல்லிக்கொடுப்பது பயனுள்ள அறிவுதான். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் ஒரு மணி நேரம் இடைவெளி விட்டால் போதும். ஆனால் தட்டில் இரும்புச்சத்து ஏதாவது இருந்தால்தானே அந்த இடைவெளிக்கு அர்த்தம்?

இனி சம்பளம். நாட்சம்பளமாக ஆயிரம் ரூபாய் கேட்டு இந்த மக்கள் நடத்திய போராட்டம் பல ஆண்டுகள் நீண்டு 2021இல்தான் முடிந்தது. 2024 செப்டம்பரில் அது 1,350 ஆனது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் 1,550 ரூபாயாக உயர்த்தி, வருகைக்கான ஊக்குவிப்பாக அரசின் கையிலிருந்து 200 ரூபாய் சேர்த்து, 1,750 என்று அறிவித்தது. வரவேற்க வேண்டிய உயர்வு. ஆனால் பல தோட்டங்களில் வாரத்துக்கு மூன்று நாலு நாள்தான் வேலை. மாதம் 18 பேர் விழுந்தால் எல்லாம் சேர்த்து 31,500 ரூபாய். சேமலாப நிதிக்கு எட்டு வீதம், தொழிற்சங்கச் சந்தா, தீபாவளி முற்பணக் கழிவு, கோயில் திருவிழாப் பணம் எல்லாம் போய்க் கையில் மிஞ்சுவது சொற்பம்; 400 கிராம் பால்மாப் பெட்டி ஒன்றே ஆயிரம் ரூபாய் அளவில் விற்கிறது. வருகைக் கொடுப்பனவு வருகிறவளுக்குத்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிற தாய்க்கு அன்றைக்குப் பேரும் இல்லை, கொடுப்பனவும் இல்லை. அரசின் 2019ஆம் ஆண்டுக் கணக்கில் நாட்டு மக்களில் 14.3 சதவீதத்தினர் வறியவர்கள், தோட்டத்தில் 33.8 சதவீதத்தினர். வளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் எண்ணிக்கையும் வறுமையின் எண்ணிக்கையும் இப்படி ஒன்றையொன்று ஒட்டி நிற்பது தற்செயல் இல்லை.

கூலியை விடவும் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் நாம் மிகக் குறைவாகப் பேசுகிறோம். நிலம்.

இலங்கைக் கிராமத்து ஏழைக்கும் தோட்டத்து ஏழைக்கும் உள்ள வித்தியாசம், கிராமத்து ஏழையின் வீட்டைச் சுற்றி ஒரு பலாமரமாவது நிற்கிறது என்பதுதான். மரவள்ளி நாலு தடி, முருங்கை ஒன்று, பப்பாசி, கொல்லையில் கோழி. காசில்லாத வாரத்திலும் அந்த வீட்டுப் பிள்ளையின் தட்டில் ஏதோ ஒன்று விழும். லயத்துப் பிள்ளைக்குக் காசில்லாத வாரம் என்றால் வெறும் வாரம். லயத்தின் பின்னால் பாத்தி கட்டி லீக்ஸும் போஞ்சியும் போட்டிருக்கும் குடும்பங்கள் உண்டு. ஆனால் அந்த மண் கம்பனியுடையது. நிர்வாகம் மாறினால், புதிதாகக் கன்று நட முடிவெடுத்தால், பாத்தி போய்விடும். கேட்க உரிமைப் பத்திரம் கிடையாது.

இந்த வித்தியாசம் உயிரைக் கேட்கும் அளவுக்குப் போனதை இந்தத் தீவு பார்த்திருக்கிறது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் உலகச் சந்தையில் எண்ணெய், கோதுமை, அரிசி விலைகள் ஏறின. அரசு பங்கீட்டு அரிசியையும் மாவையும் வெட்டியது. கிராமத்துக்காரர் மரவள்ளிக்கும் வற்றாளைக்கும் இறங்கிச் சமாளித்தார்கள். தோட்டத்துக்காரருக்கு இறங்க நிலம் இல்லை. தோட்டங்களில் இறப்பு விகிதம் அந்த ஆண்டுகளில் திடீரென உயர்ந்தது அரசின் பதிவுகளிலேயே இருக்கிறது. வயதானவர்களும் சிறு பிள்ளைகளும் பட்டினியில் விழுந்தார்கள். எங்கள் பாட்டிமார் அதைப் பஞ்ச காலம் என்று சொல்லுவார்கள். அதற்கு மேல் விவரம் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள். அந்தப் பட்டினியும் பிறகு வந்த 1977 வன்செயலும் விரட்டிய குடும்பங்கள்தான் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறின.

ஐம்பது ஆண்டு கழித்து 2022இல் அதே காட்சி வேறு உருவில் வந்தது. முந்திய ஆண்டு இரசாயன உரத்துக்கு விதிக்கப்பட்ட தடையால் கொழுந்து குறைந்தது. கொழுந்து குறைந்ததால் பேர் குறைந்தது. அந்த நேரம் பார்த்து ரூபாய் விழுந்தது. 2022 செப்டம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். மலையகத்தின் முக்கிய உணவான கோதுமை மாவின் விலை மும்மடங்குக்கு மேல் போனது. சோளம் கிடைக்காமல் திரிபோஷ உற்பத்தி தடைப்பட்டது. நிறை குறைந்த பிள்ளைகளுக்கென்று 1973 முதல் இந்த நாடு கொடுத்து வந்த சத்துமாவு, அது மிகவும் தேவைப்பட்ட மாதங்களில் கிளினிக்குகளில் இல்லாமல் போனது. அன்று வயிற்றில் இருந்த பிள்ளைகளும் தொட்டிலில் கிடந்த பிள்ளைகளும் இன்று முன்பள்ளியிலும் முதலாம் தரத்திலும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நிலம் இல்லாமல் போனது விதியால் வந்ததில்லை. திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், சேலம் என்று தமிழகத்துக் கிராமங்களிலிருந்து தலைமன்னாரில் இறங்கி, மாத்தளை வரை காட்டு வழியில் நடத்திவரப்பட்டவர்கள் இந்த மக்கள். வழியில் செத்தவர்கள் போக மிஞ்சியவர்கள் முதலில் கோப்பியையும் பிறகு தேயிலையையும் நட்டார்கள். நாடு சுதந்திரம் அடைந்த அதே 1948இல் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வாக்கும் போனது. வாக்கில்லாதவனுக்காகப் பாராளுமன்றத்தில் எவர் பேசுவார்? நாடெங்கும் இலவசப் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் பரவிய முக்கியமான மூன்று தசாப்தங்களில் தோட்டம் அந்தத் திட்டத்துக்கு வெளியே நின்றது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்டபோதும், அவற்றை உழைத்து உருவாக்கியவர்களின் பெயருக்கு நிலம் எழுதப்படவில்லை. 1992இல் நிர்வாகம் 22 கம்பனிகளின் கைக்குப் போனபோது தொழிலாளியும் லயமும் சொத்தோடு சொத்தாகக் கைமாறினார்கள்.

ஒரு சட்டத்தை மட்டும் இங்கே நின்று சொல்ல வேண்டும். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. அதன் விளைவாகப் பிரதேச சபைகளால் தோட்டக் குடியிருப்புகளுக்குள் தம் பணத்தைச் செலவழிக்க முடியவில்லை. தோட்டத்து மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்த உறுப்பினருக்கு, அதே மக்களின் லயத்துக்கு ஒரு குழாய் போட, ஒரு வடிகால் கட்ட, ஒரு பாதையைச் செப்பனிடச் சட்டப்படி வழியிருக்கவில்லை. தோட்டம் தனியார் நிர்வாகம், அவர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்பது ஏற்பாடு. கம்பனியோ, பிரஜைகளுக்குச் செய்ய வேண்டியது அரசு என்று சொன்னது. 2018இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. முப்பது ஆண்டு! அழுக்குத் தண்ணீரால் வயிற்றோட்டம் கண்டு, சாப்பிட்ட சாப்பாடும் உடம்பில் ஒட்டாமல் குன்றிப்போன பிள்ளைகளின் பெயர்ப்பட்டியலை யாராவது எடுக்கப் போனால், அந்த 33ஆம் பிரிவை முதலாவது காரணங்களில் ஒன்றாக எழுத வேண்டும்.

மருத்துவத்திலும் இதே இரட்டை நிலைதான். தோட்டத் தொழிலாளரின் வைத்தியத்தைத் தோட்டத்தின் பொறுப்பாக்கிய சட்டம் வெள்ளைக்காரன் காலத்து 1912ஆம் ஆண்டுச் சட்டம். வேலையாள் சாகாமல் இருந்தால் வேலை நடக்கும் என்ற கணக்கில் எழுந்தது அது. சில தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு பிற்பாடு பொறுப்பேற்றது. குடும்பநல மாதுக்கள் தோட்டங்களுக்கும் வருகிறார்கள். ஆனால் ஒருவர் பார்க்க வேண்டிய பரப்பு பெரிது, பாதை மோசம், பலருக்குத் தமிழ் தெரியாது. பிள்ளையின் வளர்ச்சிக் கோடு ஏன் கீழே இறங்குகிறது என்று தாய்க்கு விளங்கும் மொழியில் உட்கார்ந்து பேச ஆள் இல்லாத கிளினிக்கில், அந்தப் பதிவேடு ஒரு கையெழுத்துப் புத்தகமாகிவிடுகிறது.

குடியைப் பற்றிப் பேசாமல் போனால் நேர்மையாகாது. சம்பள நாளில் சந்தியில் உள்ள மதுக்கடைக்கும் கசிப்புக்கும் போகும் பணம் பிள்ளையின் முட்டையிலிருந்தும் பருப்பிலிருந்தும் போகிற பணம்தான். எத்தனையோ வீடுகளில் தாயின் கூலி தகப்பன் கையில் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து திரும்பி வருவதில்லை. இதை எந்த வறுமையும் நியாயப்படுத்தாது. தொழிற்சங்கங்கள் மேடை போட்டு இதைப் பேசாமல் இருப்பது வெட்கம். ஆனால் குடிகாரத் தகப்பன்கள் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் காலியிலும் இருக்கிறார்கள். அங்கெல்லாம் மூன்றில் ஒரு பிள்ளை குன்றிப்போகவில்லை. குடி இந்தக் குறையை மோசமாக்குகிறது, உண்டாக்கவில்லை. கூலியைத் தாயின் வங்கிக் கணக்கில் நேரடியாகப் போட எல்லாத் தோட்டங்களும் தொடங்கினாலே பாதி வீடுகளில் அடுப்பு மாறும்.

நம்பிக்கை தருகிற ஓர் எண்ணும் இருக்கிறது. 2006-07இல் நடந்த இதே மாதிரியான ஆய்வில் தோட்டத்துப் பிள்ளைகளில் 40.2 சதவீதத்தினர் குன்றியிருந்தார்கள். பத்தே ஆண்டில் அது 31.7ஆக இறங்கியது. நாட்டுச் சராசரி அந்தக் காலத்தில் அசையவே இல்லை. ஆக, தோட்டத்துப் பிள்ளை வளரும். அதன் உடம்பு வளரத் தயாராகத்தான் இருக்கிறது. கொஞ்சம் பாதை வந்தது, சில கழிப்பறைகள் வந்தன, பெண் பிள்ளைகள் கொஞ்சம் கூடப் படித்தார்கள், சில பிள்ளைக் காம்பராக்கள் திருந்தின. இந்த அற்ப சொற்பத்துக்கே இத்தனை வளர்ச்சி என்றால், முழு உரிமை கிடைத்தால் எவ்வளவு வளரும்?

பிள்ளைகளுக்குப் பகல் உணவு கொடுக்கும் பாடசாலைத் திட்டத்தைக் காட்டி, செய்துகொண்டுதானே இருக்கிறோம் என்று அமைச்சர்கள் சொல்லக்கூடும். பாடசாலைச் சாப்பாடு அவசியம்; அதில் கை வைக்கக் கூடாது. ஆனால் பிள்ளை பாடசாலைக்கு வரும்போது அந்த ஆயிரம் நாள் முடிந்து மூன்று வருடம் ஆகிவிட்டது. பணம் போய்ச் சேர வேண்டிய இடம் கர்ப்பிணியின் தட்டும் கைக்குழந்தையின் கிண்ணமும். அதனால் முதல் கோரிக்கை, தோட்டத்துத் தாய்க்கு ஆறு மாதம் சம்பளத்தோடு வீட்டில் இருக்க வழி. கம்பனியால் முடியாது என்றால், வருகைக்கு 200 ரூபாய் கொடுக்க முன்வந்த அரசே அந்த மேலதிக மாதங்களின் செலவை ஏற்கட்டும். பாலூட்டும் தாய்க்கும் கர்ப்பிணிக்கும் கிலோக் கணக்கு பார்த்து அரைப்பேர் போடுவதை உடனே நிறுத்த வேண்டும். அதற்குப் புதிய பணமே தேவையில்லை, ஒரு வர்த்தமானி அறிவித்தல் போதும். பிள்ளைக் காம்பராக்களைக் கம்பனிகளின் கருணையில் விடாமல் அரசு பொறுப்பேற்று, அங்கே நாளுக்கு இரண்டு வேளையாவது முட்டை, பருப்பு, கீரை, நெத்தலி சேர்ந்த சூடான சாப்பாடு கொடுக்க வேண்டும். ரொட்டியைப் பற்றி யாரும் தாய்க்கு வகுப்பு எடுக்கத் தேவையிருக்காது. தமிழ் பேசும் குடும்பநல மாதுக்களை மலையகப் பெண்களிலிருந்தே எடுத்துப் பயிற்ற வேண்டும். உயர்தரம் முடித்துவிட்டுக் கொழும்புக் கடைகளில் சேலை மடித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர்.

நிலத்தைப் பற்றி இன்னும் உறுதியாகப் பேச வேண்டும். லயத்துக்குப் பதிலாகத் தரும் வீட்டுக்கு 7 பேர்ச்சஸ் நிலம் என்றார்கள் ஆட்சியாளர்கள். பிறகு 10 என்றார்கள். ஏழு பேர்ச்சஸ் இரண்டாயிரம் சதுர அடிகூட இல்லை. அதில் 550 சதுர அடி வீட்டையும் கழிப்பறையையும் கட்டினால் மிஞ்சுவதில் கீரை போடலாம். கோழிக்கூடு வைத்தால் மாடு கட்ட இடமில்லை. இன்று நாட்டின் தேயிலையில் பெரும்பகுதியை உற்பத்தி செய்வது சொந்த நிலம் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர்கள். நிலத்தைக் கொடுத்தால் தேயிலைத் தொழில் அழிந்துவிடும் என்ற பழைய பயத்துக்கு அவர்களே பதில். கம்பனிகள் பயிரிடாமல் காடாக விட்டு வைத்திருக்கும் ஆயிரக்கணக்கான ஹெக்டேரிலிருந்து, அந்த மண்ணில் ஐந்தாறு தலைமுறையாக உழைத்த குடும்பத்துக்கு, பெண்ணின் பெயரில் உறுதி எழுதி, பயிரிடத்தக்க நிலம் கொடுக்கட்டும். வருடத்துக்கு நூறு கோடி டொலருக்கு மேல் சம்பாதித்துத் தருகிற தொழிலின் அடியில் நிற்கிற மக்களுக்கு இது தானம் இல்லை.

2023இல் இந்த மக்களின் வருகைக்கு இருநூறு ஆண்டு என்று நினைவுகூர்ந்தோம். தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தோம். பல கட்சிகள் மலையகத் தமிழர் என்ற அடையாளத்தை மதிப்போம் என்று பேசின. மலையகத்திலிருந்து பாராளுமன்றம் சென்றிருக்கும் உறுப்பினர்களை, எந்தக் கட்சியாக இருந்தாலும், கேட்டுக்கொள்வது ஒன்றுதான். அடுத்த வரவு செலவுத் திட்ட விவாதத்தில் சம்பள எண்ணை மட்டும் பேசிவிட்டு உட்காராதீர்கள். உங்கள் மாவட்டத்தில் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களில் குன்றியவர்கள் எத்தனை பேர், அவர்களுக்காக ஒதுக்கிய தொகை எவ்வளவு என்று சுகாதார அமைச்சரிடமும் பெருந்தோட்ட அமைச்சரிடமும் எழுந்து கேளுங்கள். பதில் வரும் வரை கேளுங்கள். 2016இல் அளவெடுக்கப்பட்ட கைக்குழந்தைகளுக்கு இப்போது பத்து வயதாகிறது. அவர்கள் இழந்த உயரத்தை இனி எந்த வரவு செலவுத் திட்டத்தாலும் திருப்பிக் கொடுக்க முடியாது. இந்த ஆண்டு பிறக்கும் பிள்ளைகளுக்கு இன்னும் காலம் இருக்கிறது.